நிலத்தடி நீரும் விவசாய இரசாயனங்களும்: புளியங்குளம் பற்றிய ஒரு நோக்கு

சைவ ஆலயக் கிரியைகளில் நீரின்றி நிறைவேறுவது எதுவுமில்லை. சங்கல்பம் தொடங்கித் தீர்த்தம் வழங்குவது வரை நீரே முதற்பொருளாக விளங்குகின்றது. திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பையே வைத்தார். வற்றாப்பளையில் கண்ணகை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கேற்றுவதும், கீரிமலையில் கடலோரத்தில் ஊறும் நன்னீரில் நீராடிப் பிதிர்க்கடன் தீர்ப்பதும் நீரைத் தெய்வமாகக் கொண்ட மரபின் அடையாளங்களாகும்.

ஒரு கிராமத்துக் கோயிலில் அபிஷேகத்துக்கு அள்ளும் நீரும், மடைப்பள்ளியில் உலை வைக்கும் நீரும், திருவிழாக் காலத்தில் தாகசாந்தியில் அடியார்களுக்கு வழங்கும் நீரும் பெரும்பாலும் ஒரே கிணற்றிலிருந்துதான் வருகின்றன. அந்தக் கிணறு மதிலுக்குள் இருப்பதனால் அதன் நீரும் மதிலுக்குள்ளேயே ஊறுகின்றது என்று நினைத்துவிடக் கூடாது. குளத்திலும் வயலிலும் தோட்டத்திலும் விழுந்த மழைதான் நிலத்தின் கீழாக நடந்து வந்து அங்கே சேருகின்றது. வரும் வழியில் எதைக் கரைத்துக்கொண்டு வருகின்றது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

யாழ்ப்பாணத்தின் அனுபவம்

இந்த விடயத்தில் வடபகுதி மக்களுக்கு முதலில் பாடம் சொன்னது யாழ்ப்பாணக் குடாநாடு ஆகும். அங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் இறங்கி நிலத்தடி நீராக நிற்கின்றது. கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறுவதும் இந்தச் சுண்ணக்கல் வழிகளினால்தான். நீர் விரைவாகச் செல்லும் வழியில் நீரில் கரைந்தவையும் விரைவாகச் செல்லும். அதனை மண் வடிகட்டுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

1970களில் வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டு விவசாயி தலைநிமிர்ந்தான். வன்னியிலும் அக்காலத்தில் மிளகாய்ச் செய்கையால் கல்வீடு கட்டியவர்கள் உண்டு. ஆண்டு முழுவதும் ஓயாத பயிர்ச்செய்கை நடந்தது. உரமும் அதற்கேற்பப் போடப்பட்டது. 1980களில் கிணற்று நீரைச் சோதித்த ஆய்வாளர்கள், செறிவாகப் பயிர் செய்யப்படும் இடங்களின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்னும் உப்பு குடிநீருக்குரிய எல்லையைக் கடந்திருப்பதைக் கண்டனர். 1988 இல் வெளியான ஓர் ஆய்வு யாழ்ப்பாணக் கிணறுகளோடு கிளிநொச்சிக் கிணறுகளையும் சேர்த்து நோக்கியது. மேற்குக் கரையில் கற்பிட்டியின் மணல் நிலத்திலும் இதே நிலை பின்னர் அறியப்பட்டது. அங்கும் பயிர் வெங்காயமும் மிளகாயும்தான்.

சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் 2010களில் கழிவு எண்ணெய் கலந்தபோது ஊரே திரண்டது. நீதிமன்றம் வரை விடயம் சென்றது. எண்ணெய் மிதக்கும், மணக்கும், வாளியில் ஒட்டும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. ஆகவே அதற்காக எவரும் திரள்வதில்லை.

ஒரு மூடை யூரியாவின் கணக்கு

யூரியாவில் 46 வீதம் நைதரசன் உள்ளது. 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பயிர் உறிஞ்சுவதும் பெரும்பாலும் அந்த வடிவத்திலேயே ஆகும் (வெள்ளம் நிற்கும் நெல்வயலில் மட்டும் நிலைமை வேறு). 23 கிலோ நைதரசனும் நைத்திரேற்றாக மாறினால் அதன் நிறை ஏறக்குறைய 100 கிலோ.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. பயிர் உண்டதும் காற்றில் போனதும் போக, மூடையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நிலத்தின் கீழே இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துக் கிலோ நைத்திரேற்று, சுத்தமான நீரில் இரண்டு லட்சம் லீற்றரை எல்லை வரைக்கும் கொண்டுவரப் போதுமானது. 15 அடி விட்டமும் 10 அடி நீரும் உள்ள கட்டுக்கிணறு ஒன்றில் ஏறத்தாழ 50,000 லீற்றர் நீர் இருக்கும். ஆகவே ஒரு மூடையில் தவறிய பத்தில் ஒரு பங்கு நான்கு கிணறுகளுக்குக் கணக்காகின்றது. நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை, மழை வந்து கலக்கின்றது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் மூடையும் ஒன்றல்ல, போகமும் ஒன்றல்ல.

இதனால் வரும் தீங்கு முதலில் கைக்குழந்தைக்கே. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இங்கு தாய்மார் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அது சற்றுக் கூடவே செய்யும். குளோரின் இடுவதனாலும் பயனில்லை. "கொதித்தாறின தண்ணிதானே" என்ற நிம்மதி இந்த ஒரு விடயத்தில் பொருந்தாது.

நைத்திரேற்று உரமூடையிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மலசலகூடக் குழியிலிருந்தும் மாட்டுப்பட்டியிலிருந்தும் அது வரும். மழையில் நனையும் எருக்கும்பியும் அதனைக் கொடுக்கும். இயற்கைப் பசளை என்றால் எவ்வளவு போட்டாலும் தீங்கில்லை என்று சிலர் சொல்வது சரியன்று.

ஆபத்தை அளப்பது எப்படி?

நோய் வந்த பின் காரணம் தேடுவதை விட, நோய் வருமுன் எந்தக் கிணறு இலகுவில் பழுதாகும் என்று கணிப்பதே அறிவுடைமையாகும். இதற்கென ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1987 இல் 'டிராஸ்டிக்' என்ற முறையை வெளியிட்டது. ஏழு அம்சங்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களால் ஆன பெயர் இது. நீர்மட்டத்தின் ஆழம், மழையால் நிலத்தினுள் இறங்கும் நீரின் அளவு, நீர் தங்கும் பாறையின் வகை, மேல்மண், நிலத்தின் சரிவு, மண்ணுக்கும் நீர்மட்டத்துக்கும் இடையிலுள்ள படை, பாறையினூடாக நீர் நகரும் வேகம் என்பனவே அவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை புள்ளி இட்டு, முக்கியத்துவத்துக்கேற்ற எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். மொத்தம் கூடினால் அந்த நிலம் மாசுக்கு இலகுவில் இடங்கொடுக்கும் என்பது கருத்து.

விவசாய இரசாயனங்களுக்கென இதே முறையில் தனியான எண்கள் உண்டு. பொதுக் கணிப்பில் மேல்மண்ணுக்கு 2 என்ற எண்ணே இருக்க, விவசாயக் கணிப்பில் அது 5 ஆக உயர்கின்றது. விவசாயத்தில் இரசாயனம் முதலில் சந்திப்பது மேல்மண்ணையே என்பதால் இது பொருத்தமானதே. மணல் மண்ணுக்குப் புள்ளி 9. ஐந்தால் பெருக்க 45. களிப்பாங்கான இருவாட்டி மண்ணுக்குப் புள்ளி 3, பெருக்க 15. ஒரே உரத்தை ஒரே அளவில் போடும் இரண்டு தோட்டக்காரர்களின் கிணறுகளுக்கு இடையே மண்ணினால் மட்டும் இவ்வளவு வேறுபாடு.

பாறையைப் பார்ப்போம். வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல்லுக்குப் புள்ளி 10, பெருக்கும் எண் 3, ஆக 30. புளியங்குளம் இருக்கும் வவுனியாப் பகுதி சுண்ணக்கல் நிலமன்று. கீழே பழமையான கடினப் பாறையும், அதன் மேல் வெயிலாலும் மழையாலும் உக்கிய படையும் உண்டு. அந்த உக்கிய படையில்தான் கட்டுக்கிணறுகளின் நீர் நிற்கின்றது. அதற்குரிய புள்ளி 4, பெருக்க 12. பாறை என்ற வகையில் புளியங்குளம் யாழ்ப்பாணத்தை விடப் பாதுகாப்பானதே.

ஆனால் ஆழம் வேறு கதை சொல்கின்றது. நீர்மட்டம் 5 அடிக்குள் இருந்தால் புள்ளி 10, பெருக்கும் எண்ணும் 5. ஆகவே 50. நீர்மட்டம் 15 முதல் 30 அடிக்குள் இருந்தால் புள்ளி 7, பெருக்க 35. புரட்டாதியில் 20 அடிக்குக் கீழே கிடக்கும் கிணற்று நீர், மார்கழி மழைக்குப் பின் குனிந்து அள்ளும் உயரத்துக்கு வந்து விடுகின்றது. அதாவது கிணறு ஒன்றாயினும் ஆபத்து பருவத்துக்குப் பருவம் மாறுகின்றது. காலபோகத்துக்கு உரம் வீசும் காலமும், மழை கொட்டும் காலமும், நீர்மட்டம் மேலெழும் காலமும் ஒன்றாகவே வருவதுதான் வன்னியின் சிக்கல்.

சரிவும் அப்படியே. தட்டையான நிலத்துக்கு 10 புள்ளி. நீர் ஓடிப்போகாமல் நின்று இறங்கும் என்பதே காரணம். வன்னியில் மேடு பள்ளம் அதிகமில்லை.

இந்தக் கூட்டல் நிலத்தின் இயல்பை மட்டுமே காட்டும். அதன் மேல் என்ன போடப்படுகின்றது, எவ்வளவு போடப்படுகின்றது, அந்த நீரை யார் குடிக்கின்றார்கள் என்ற மூன்றையும் சேர்த்தாலே ஆபத்து முழுமையாகப் புலப்படும். கூடிய புள்ளி பெற்ற நிலத்தில் எவரும் உரமே போடாவிட்டால் பயமில்லை. குறைந்த புள்ளி பெற்ற நிலத்துக் கிணற்றடியிலேயே மருந்து கரைத்தால் எந்தப் புள்ளியும் காப்பாற்றாது.

வயலா, தோட்டமா?

வயலில்தான் உரம் அதிகம், ஆகவே வயற்கரைக் கிணறே அதிகம் பழுதாகும் என்பது பலரின் எண்ணம். உண்மை சற்று வேறானது. உழுது சேறடித்த வயலில் அடிமண் இறுகி நீர் கீழிறங்குவது குறைகின்றது. வெள்ளம் நிற்கும் மண்ணில் காற்றோட்டம் இல்லாததால் நைத்திரேற்றின் ஒரு பகுதி வாயுவாக மாறிப் போய்விடும். மேட்டுநிலத் தோட்டத்தில் இவை நடப்பதில்லை. நீர் வடியும் செந்நிற மண், வேர் ஆழமில்லாத வெங்காயம், இரண்டு நாளுக்கொரு தடவை மோட்டர் இறைப்பு என்ற மூன்றும் சேரும் இடமே கவனிக்க வேண்டிய இடம். வீட்டுக் கிணறே தோட்டக் கிணறாகவும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. போட்ட உரம் இறங்கி அதே கிணற்றுக்கே திரும்புகின்றது.

பூச்சிமருந்தும் களைநாசினியும் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. மண்ணில் எத்தனை நாள் உயிரோடு இருக்கின்றது, மண்துணிக்கையோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகின்றது என்ற இரண்டையும் வைத்தே ஒரு மருந்து கிணற்றுக்கு இறங்குமா எனக் கணிக்கின்றனர். நெல்லில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் எம்.சி.பி.ஏ. மண்ணில் அவ்வளவாக ஒட்டாது, நீரோடு நகரும். முன்னர் குருணையாக வீசப்பட்ட காபோபியூரானும் அத்தகையதே. கிளைபொசேற் மண்ணோடு இறுக ஒட்டுவதால் கீழிறங்குவது குறைவு. ஆனால் மண் அரித்துச் செல்லும்போது அதனோடு குளத்துக்குப் போகலாம். இந்தக் கிளைபொசேற் 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலை, இறப்பருக்கு மட்டும் விடப்பட்டு, 2022 இல் தடை நீக்கப்பட்டது.

நிலத்தினூடாக இறங்குவதை விடப் பெரிய ஆபத்து கிணற்றடியில் நடப்பதே. மருந்து தெளிக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக் கட்டில் வைத்து நிரப்புவதும், வேலை முடிந்ததும் அங்கேயே கழுவுவதும், வெறும் போத்தலைப் பக்கத்துப் பற்றைக்குள் எறிவதும் எல்லா ஊர்களிலும் காணப்படும் வழக்கங்கள். ஐரோப்பிய நாடுகளில் குடிநீரில் ஒரு பீடைகொல்லி லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவுகோலால் பார்த்தால் ஒரு கிராம் மருந்து ஒரு கோடி லீற்றர் நீரை எல்லைக்குக் கொண்டுவரும். மேற்சொன்ன அளவுள்ள கிணறு இருநூறு! ஒரு போத்தலின் மூடியில் ஒட்டியிருப்பதே இதற்குப் போதும்.

சிறுநீரக நோய் பற்றி

இந்தப் பேச்சு வந்தவுடன் எல்லோரும் கேட்பது சிறுநீரக நோயைப் பற்றியே. 1990களில் வடமத்திய மாகாணத்தில், பதவியா, மெதிரிகிரிய போன்ற இடங்களில் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளுக்கு இந்நோய் இருப்பது அறியப்பட்டது. பதவியா வவுனியாவுக்குத் தூரமன்று. வவுனியா மாவட்டத்திலும் நோயாளர் இனங்காணப்பட்டனர். உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் இணைந்து செய்த ஆய்வு 2013 இல் வெளிவந்தது. கட்மியம், நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, பீடைகொல்லிகள், வெயிலில் நீர் குடியாமல் வேலை செய்வது எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. எல்லோரும் ஏற்ற ஒரு முடிவு இன்னும் இல்லை. எனவே உரந்தான் இந்நோயைத் தந்தது என்று அடித்துச் சொல்வதும், உரத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கைகழுவுவதும் இரண்டுமே பொறுப்பற்ற பேச்சாகும்.

புளோரைட்டு உரத்தால் வருவதன்று; பாறையிலிருந்து இயற்கையாகக் கரைவது. உலர் வலயத்தில் பிள்ளைகளின் பல்லில் காணும் காவி நிறப் புள்ளிகளுக்கு இது ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கட்டுக்கிணறு பழுது என்று அஞ்சி ஆழமான குழாய்க்கிணறு அடிப்பவர், நைத்திரேற்றைத் தப்பிப் புளோரைட்டிடம் அகப்படவும் கூடும். ஆழம் கூடக் கூட நீர் நல்லது என்ற நம்பிக்கை கடினப் பாறை நிலத்தில் செல்லாது. சோதித்துப் பார்த்தே குடிக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி முற்றாகத் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இடையில் பட்ட பாட்டை விவசாயிகளுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. 1990களிலும் வன்னிக்கு யூரியா கொண்டுவரத் தடை இருந்தது. அந்தக் கதை வேறு. உரத்தை ஒரே நாளில் நிறுத்துவது கிணற்றைக் காக்கும் வழியன்று. பயிர் உண்ணும் அளவுக்கு, உண்ணும் நேரத்தில் கொடுப்பதே வழியாகும். யூரியாவை ஒரே தடவையில் வீசாமல் பயிரின் வயதுக்கேற்பப் பிரித்துப் போடும்படி விவசாயத் திணைக்களம் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றது. நெல் இலையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு உரத்தின் தேவையை அறியும் முறையும் உண்டு. விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் காட்டுவார். வானம் இருண்டு நிற்கும் நாளில் உரம் வீசுவது, காசைக் கரைத்து அயலவன் கிணற்றில் ஊற்றுவதற்குச் சமம்.

குளத்தின் அலைகரைக்குள் கோடையில் பயிர் செய்து மருந்தடிப்பதைக் கமக்காரர் அமைப்பு தீர்மானம் எடுத்தே நிறுத்த வேண்டும். குளம் நிறைந்தால் கிணறு ஊறும். குளத்தில் கரைந்தது கிணற்றுக்கு வரும். மருந்து கலப்பதற்குக் கிணற்றிலிருந்து 50 அடிக்கு அப்பால், வாளியில் நீர் கொண்டுபோய்ச் செய்வது சிறு சிரமமே. கழுவிய நீரைப் பயிருக்கே தெளித்துவிடலாம். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே சுகாதாரப் பரிசோதகர்கள் கேட்கும் 50 அடியும் இதே நோக்கத்துக்கானதே.

சோதனை கடினமானதன்று. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் நீர் சோதிக்கப்படுகின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழிகாட்டுவார். சுத்தமான போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று தரம் அலசி, முட்ட நிரப்பி மூடி, ஐஸ் இட்ட பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டும். நைத்திரேற்று, புளோரைட்டு, கடினத்தன்மை மூன்றையும் கேட்டுப் பெறுவது நல்லது. வருடத்தில் இரண்டு தடவை தேவை: மழைக்கு முன் புரட்டாதியில் ஒன்று, காலபோக உரம் வீசி மழையும் பெய்த பின் தை மாதத்தில் ஒன்று. புரட்டாதியில் மட்டும் எடுத்தால் நீர் நல்லதென்று வந்து ஏமாற்றக் கூடும்.

ஊரிலுள்ள எல்லாக் கிணறுகளையும் சோதிக்கத் தேவையில்லை. கோயில் கிணறு, பாடசாலைக் கிணறு, தோட்டத்து நடுவிலுள்ள வீட்டுக் கிணறுகள் சில, கைக்குழந்தை உள்ள வீடுகள் என்று தொடங்கலாம். இதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். கிணற்றின் இலக்கம், ஆழம், நீர்மட்டம், மண்ணின் வகை, 100 அடிக்குள் என்ன பயிர், எத்தனை மூடை உரம், மலசலகூடத்தின் தூரம், சோதனை முடிவு, திகதி என்று கோடு போட்டுக்கொண்டால் ஐந்து வருடத்தில் எந்த நிபுணரும் கேட்கும் தகவல் ஊரிடமே இருக்கும். தங்கள் கிணறு பழுதென்று வந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும், காணி விலை போகுமா என்று தயங்குபவர்கள் இருப்பார்கள். அதனால் கொப்பியில் சொந்தக்காரரின் பெயரை எழுதாமல் இலக்கத்தை மட்டும் எழுதி, பெயர்ப் பட்டியலைப் பரிபாலன சபையின் செயலாளர் தனியே பூட்டி வைத்திருப்பது நல்லது. முதலாம் இலக்கத்தைக் கோயில் கிணற்றுக்கே கொடுக்கலாம். அதன் முடிவை மட்டும் அறிவித்தல் பலகையில் எல்லோரும் காண ஒட்டிவிட்டால், மற்றவர்களும் போத்தலோடு வருவார்கள்.